காம்பைப் பார்த்து மெஷினை வாங்குங்கள்

நெல்லை மட்டும் நம்பிக் களைத்துப்போன ஒருவருக்கு நன்னிலம் பக்கத்தில், ‘பத்துக் கறவை, மெஷின், கொட்டகை, எல்லாம் சேர்த்து விலைக்கு வருது’ என்று சேதி வந்தால் முதலில் எதைப் பார்ப்பார்? பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். எத்தனையாவது ஈத்து என்று கேட்பார். அந்தக் கண் தாத்தா காலத்திலிருந்து வந்தது, குறை சொல்ல முடியாது. மூலையில் இருக்கும் கறவை மெஷினை மட்டும் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லி, சத்தம் கேட்டதும் தலையாட்டிவிடுவார். கெட்டுப்போன மெஷினும் ஓடத்தான் செய்யும். சங்கடமே அதில்தான்.

மெஷின் பாலைப் பிடித்து இழுக்கிறது என்று நினைக்கிறோம். அது செய்வது ஒன்றே ஒன்று: காம்புக்கு வெளியே காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. மடிக்குள் இருக்கும் அழுத்தமே பாலை வெளியே தள்ளிவிடும். கன்றும் நாக்கையும் அண்ணத்தையும் வைத்து இதைத்தான் செய்கிறது. ஆனால் கன்று உறிஞ்சும், விழுங்கும், மறுபடி உறிஞ்சும். அந்த இடைவெளியில் காம்பு மூச்சு விட்டுக்கொள்ளும். 1889இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் மர்ச்லாண்ட் செய்த மெஷினுக்கு அந்த இடைவெளி தெரியாது, விடாமல் உறிஞ்சியது. விடாமல் உறிஞ்சினால் காம்பு நுனியில் ரத்தம் கட்டி வீங்கிவிடும். 1895இல் அதே நாட்டில் அலெக்சாண்டர் ஷீல்ஸ் விட்டு விட்டு உறிஞ்சும் அமைப்பைக் கொண்டுவந்தார். இன்று நம் ஊர் மெஷினில் டக், டக் என்று அடித்துக்கொண்டிருக்கும் பல்சேட்டர் அதன் பேரப்பிள்ளை.

காம்பில் மாட்டும் குவளையைக் கழற்றிப் பாருங்கள். வெளியே எஃகு, உள்ளே ரப்பர் உறை. அந்த உறைக்குத்தான் லைனர் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே பல்சேட்டர் ஒரு கணம் காற்றை எடுக்கும், மறு கணம் விடும். எடுக்கும்போது லைனர் விரிந்து பால் இறங்கும். விடும்போது லைனர் சுருங்கிக் காம்பைப் பிடித்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 தடவை. வேக்குவம் 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள் நிற்க வேண்டும். ஏறினால் காம்பு புண்ணாகும், இறங்கினால் குவளை நழுவி விழும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். மெஷினை ஓடவிட்டு, மற்ற மூன்று குவளைகளையும் அடைத்துவிட்டு, ஒன்றில் கட்டைவிரலை விடுங்கள். பிடித்து, முழுதாக விட்டு, மறுபடி பிடித்தால் நல்லது. விடாமல் கவ்விக்கொண்டே இருந்தால் பல்சேட்டர் போய்விட்டது, நீங்கள் வாங்கப்போவது 1889ஆம் வருஷத்து மெஷின். அடுத்து, ஒரு குவளையை இரண்டு விநாடி திறந்து காற்றை உள்ளே விட்டு மூடுங்கள். வேக்குவம் மீட்டர் முள் இறங்கி உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். ஆடி அசைந்து வந்தால் பம்பு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ காற்று கசியும். பால் குழாயை முகர்ந்து பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம். புளித்த வாடை அடித்தால் உள்ளே பால் படிந்து கல்லாகிவிட்டது.

லைனரை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், ‘போன வருஷம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ரப்பர் லைனருக்குப் பொதுவாக 2,500 கறவைதான் ஆயுள். பத்து மாடு, நாளுக்கு இரண்டு வேளை, ஒரே செட் குவளை என்றால் 125 நாள். நாலு மாதம் ஆனதும் மாற்றியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் விற்கிறவர் முந்தின நாளே சரிசெய்து வைத்துவிடலாம். புது லைனர் போட ஒரு மணி நேரம் போதும். காம்பை ஒரு மணி நேரத்தில் மாற்ற முடியாது. மெஷினைக் கழற்றின உடனே குனிந்து பாருங்கள். காம்பு நீலம் பாரித்திருக்கிறதா, மேல்பக்கம் வளையம் போலத் தடிப்பு விழுந்திருக்கிறதா, நுனித் துளையைச் சுற்றி வெள்ளையாகச் சொரசொரவென்று காய்ப்பு இருக்கிறதா? இருந்தால் அந்த மெஷின் அந்த மாட்டை வதைத்திருக்கிறது, அல்லது பால் தீர்ந்த பிறகும் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். அந்த நுனி வழியாகத்தான் மடிநோய் உள்ளே போகும்.

மடியில் மஞ்சள் கறை தெரிந்தால் அதற்கும் காரணம் கேளுங்கள். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசுவது நம் பக்கத்தில் மடிநோய்க்குத் தெரிந்த வைத்தியம். யாரும் அழகுக்குப் பூசுவதில்லை. வீக்கமோ கட்டியோ இல்லாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும் மடிநோய் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நாலு காம்புப் பாலையும் நாலு குழித் தட்டில் தனித்தனியாகப் பீய்ச்சி, அதே அளவு சோதனைத் திரவத்தை விட்டுச் சுழற்றினால் நோயுள்ள பால் கூழாகக் கெட்டிப்படும். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று பெயர். கால்நடை மருத்துவரை ஒரு நாள் கையோடு கூட்டிப்போனால் இதையும் பார்த்துவிடுவார், கருச்சிதைவு நோய்க்கு ரத்தமும் எடுத்துவிடுவார். காதில் தொங்கும் 12 இலக்க வில்லையின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கோமாரித் தடுப்பூசி போட்ட கதை பதிவாகியிருந்தால் அந்த எண்ணில் கிடைக்கும்.

கறவையை ஒரு வேளை பார்த்து நம்பக் கூடாது. முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டால் மறுநாள் காலையில் எந்த மாட்டின் மடியும் பானை போலத் தெரியும். அடுத்தடுத்து மூன்று வேளை பாருங்கள், முதல் வேளையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கறக்கும் முன் யாராவது பால் இறக்கும் ஊசியோடு வருகிறார்களா என்பதையும் கவனியுங்கள். குளிர்விக்கும் தொட்டி இருந்தால், பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவர எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பிடித்துப் பார்த்தால் போதும். தட்டை வெட்டும் மெஷினுக்கு நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். கத்தி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம்.

தீட்ட முடியாதது தரை. பத்து மாட்டுக்குத் தலைக்கு 25 கிலோ பசும்புல் என்றால் நாளுக்கு கால் டன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-5 கம்பு நேப்பியர் நன்றாக வந்தால் ஏக்கருக்கு வருஷத்தில் 140 டன்னுக்கு மேல் தரும். காகிதத்தில் ஒரு ஏக்கரே தாராளம். ஆனால் அந்தப் புல்லுக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. நம் களிமண்ணோ ஐப்பசி மழையில் வாங்கின தண்ணீரை லேசில் விடாது. புல் போனால் வைக்கோல்தான், அதில் வயிறு நிறையும், பால் நிறையாது. வைக்கோலும் இப்போது சும்மா கிடப்பதில்லை. மெஷினில் கட்டாகச் சுருட்டி லாரி ஏறிவிடுகிறது.

தை, மாசியில் வைக்கோல்போர் உயர்ந்து நிற்கும்போது எந்தப் பண்ணையும் லட்சணமாகத்தான் இருக்கும். முடியுமானால் கார்த்திகையில் போங்கள், முடிகொண்டான் ஆறு கரை தொட்டு ஓடும் வாரத்தில். கொட்டகைக்குள் குளம்பு முழுகுகிறதா, கரண்டு போனால் கையால் கறக்க ஆள் இருக்கிறாரா, புல் வரப்பில் எத்தனை தூர் மஞ்சளாகிவிட்டது என்று பார்த்துவிட்டு, அப்புறம் விலையைப் பேசுங்கள்.