எண்ணெய் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறதா?

ஒரு பழைய டீசல் லோரி. அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் சரியான கோட்டில் நிற்கிறது. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிகிறது. தொடர்ந்து ஓட்டலாமா? கூடாது. எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய் எவ்வளவு உள்ளது என்பதை மட்டுமே குச்சி காட்டும். அது போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பதை அழுத்தம்தான் சொல்லும்.

எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு பேரிங்குகளில் சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமன் அளவே இருக்கும். அந்த இடைவெளிக்குள் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. தண்டு அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி சுழல்கிறது. படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசும். சில நிமிடங்களிலேயே பேரிங் பாழாகிவிடலாம்.

அழுத்தம் எப்படி உண்டாகிறது? தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீர் சீறிப் பாயும். அதுபோல, பம்பு தள்ளும் எண்ணெய்க்குக் குறுகிய இடைவெளிகள் தரும் தடையே அழுத்தத்தை உண்டாக்குகிறது. இந்தத் தடை இரண்டு காரணங்களால் குறையும்.

முதலாவது, வெப்பம். லோரிகளில் பரவலாகப் பயன்படும் 15டபிள்யூ-40 எண்ணெயின் பாகுத்தன்மை, 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டாவது, தேய்மானம். இடைவெளி இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் கசிந்து வெளியேறும் எண்ணெய் 2×2×2, அதாவது ஏறக்குறைய எட்டு மடங்காகும்.

ஆகவே, குளிர்ந்த எஞ்சின் தன் தேய்மானத்தை மறைத்துவிடும். நன்றாகச் சூடேறிய பிறகு எடுக்கும் அளவே உண்மையைச் சொல்லும்.

பட்டறையில் இதை எப்படிச் சோதிப்பார்கள்? விளக்கும் மின் உணரியும்கூடப் பழுதாகலாம். எனவே எஞ்சினை நிறுத்தி, உணரியைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துவார்கள். அதனுள்ளே வளைந்த உலோகக் குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் அது சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். ஊதினால் நீளும் காகித ஊதுகுழலின் தத்துவமும் இதுதான். பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் போர்டோன் 1849-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

எஞ்சின் சூடேறியதும், முதலில் மெதுவான ஓட்டத்திலும் பின்னர் வேகத்தைக் கூட்டியும் அளவைக் குறிப்பார்கள். அதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள்.

• அளவு சரி, ஆனால் விளக்கு எரிகிறது: உணரியோ கம்பியோ பழுது.
• குளிரில் சரி, சூட்டில் குறைவு: பேரிங் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் நீர்த்திருக்கலாம்.
• எப்போதும் குறைவு: பம்பு, அடைத்த வடிகட்டி வலை, அல்லது மூடாமல் சிக்கிய அழுத்தத் தணிப்பு வால்வு.

சிலர் கெட்டியான எண்ணெயை ஊற்றி முள்ளை ஏற்றிவிடுவார்கள். முள் ஏறும், தேய்ந்த பேரிங் வளராது. உங்கள் வீட்டில் யாராவது பழைய லோரி வாங்கப் போனால், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.