பிளேடால் அறுத்தார், ஒன்று இரண்டாகி உயிர் பிழைத்தது!

நெல்லிக்குப்பம் வாலிபர் வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி

(நமது நிருபர்)

நெல்லிக்குப்பம்,

உயிரோடு இருக்கும் பிராணியை, வாய்க்கு நடுவே பிளேடு வைத்து இரண்டாக அறுத்தால் என்ன ஆகும்? செத்துப் போகும் என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம்.

சாகவில்லை. இரண்டாகி விட்டது.

கொலை, கொள்ளை, குடிதண்ணீர் குழாய் என்று எழுதிக் கொண்டிருக்கும் எனக்கு, "மீன் தொட்டி ஒன்று இருக்கிறது, பார்த்து விட்டு வா" என்று சொன்னபோது கொஞ்சம் சலிப்புதான். கடலூர்-பண்ருட்டி ரோட்டில் நெல்லிக்குப்பம். சர்க்கரை ஆலை ஊர். கரும்பு லாரிகளைத் தாண்டி ஒரு தெருவுக்குள் போனால், ஓட்டு வீட்டுக் கூடத்தில் நீல விளக்கு எரிகிறது. அதன் கீழே நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு குட்டிக் கடல்.

வீட்டுக்காரருக்கு 30 வயது இருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை. "பேரை மட்டும் போட்டுடாதீங்க சார். அப்புறம் ஊரே வந்து வேடிக்கை பார்க்கும்" என்றார். போடவில்லை.

பூ அல்ல, பிராணி

தொட்டிக்குள் பாறையைப் பிடித்துக் கொண்டு பூ மாதிரி விரிந்து நிற்பதுதான் கடல் சாமந்தி. கடைக்காரர்கள் அனிமோன் என்கிறார்கள். பெயர்தான் சாமந்தி. பூவும் அல்ல, செடியும் அல்ல. பவளத்துக்குப் பங்காளி முறை ஆகும் பிராணி.

இதற்கு மூளை கிடையாது. எலும்பு கிடையாது. சாப்பிடுவதும் கழிப்பதும் ஒரே வாய் வழியாக. சுற்றிலும் விரல் விரலாக நீட்டிக் கொண்டிருப்பது எல்லாம் கொட்டும் விரல்கள். சின்ன மீன் பட்டால் மயங்கும். அதை அப்படியே வாய்க்குள் தள்ளி விடும். உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துத் தருவதில்தான் பாதி வயிறு நிறைகிறது. அதனால்தான் அந்த நீல விளக்கு.

இந்தக் கொட்டும் விரல்களுக்கு நடுவில் பயமே இல்லாமல் புரண்டு கொண்டிருந்தன இரண்டு கோமாளி மீன்கள். 2003-ல் வந்த ‘பைண்டிங் நீமோ’ ஆங்கிலப் படத்தில் குழந்தைகள் பார்த்திருப்பார்களே, அதே ஆரஞ்சும் வெள்ளையும். உலகத்தில் ஆயிரம் சாதிக்கு மேல் கடல் சாமந்தி உண்டு. கோமாளி மீனுக்கு வீடு கொடுப்பது சுமார் பத்து சாதிதான்.

முதல் கேஸ் மரணம்

முதலில் நடந்தது சோகக் கதை. அதை அவரே மறைக்காமல் சொன்னார்.

"ஒரு கடையில கார்ப்பெட் அனிமோன் வாங்கினேன் சார். தட்டு அகலம். ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்ல எடுத்ததுன்னு சொன்னாங்க. யாரோ சொன்னாங்கன்னு அதை ரெண்டா அறுத்தேன். மூணாம் நாள் அழுகிப் போச்சு. தண்ணி பாலா மாறிடுச்சு. காலையில பார்த்தா மீனும் மிதக்குது. எங்கம்மா ஒரு வாரம் என்கூட பேசலை. ‘உசிரை அறுத்தியேடா’ன்னாங்க."

தப்பு பிளேடில் இல்லை. சாதியில் இருந்தது. கார்ப்பெட் சாதி கடலில் தானாகப் பிளந்து பெருகுவது அபூர்வம். அதை அறுத்தால் பெரும்பாலும் பிணம்தான். விரல் நுனி பலூன் மாதிரி உப்பி இருக்கும் ‘பபுள் டிப்’ என்ற சாதி அப்படி அல்ல. அது கடலிலேயே தானாக நடுவில் பிளந்து இரண்டாகும். இரண்டு நாலாகும். ஆழம் குறைந்த இடங்களில் இப்படிப் பிளந்த பங்காளிகளே பாறையை மூடிக் கிடப்பது உண்டு. அது தானாகச் செய்வதைத்தான் பிளேடு அவசரப்படுத்துகிறது.

ஆஸ்திரேலியாவில் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த பபுள் டிப்பையும் இன்னொரு சாதியையும் பாதியாகவும் கால் பங்காகவும் அறுத்துப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். கால் பங்குகளைவிடப் பாதிகள் நன்றாகப் பிழைத்தன. பேராசைப்பட்டு நாலாக அறுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறுத்தது எப்படி?

இரண்டாவது தடவை அவர் சென்னை கொளத்தூர் போய் பபுள் டிப் வாங்கி வந்தார். வந்த உடனே கை வைக்கவில்லை. மாதக் கணக்கில் வளர்த்தார். அது பாறையை நன்றாகப் பிடித்து, நிறம் ஏறி, வாய் இறுக மூடி இருந்தால்தான் ஆரோக்கியம் என்று அர்த்தம். வாய் பிளந்து கிடப்பதை அறுக்கக் கூடாது.

அறுப்பதற்கு முன் சில நாள் பட்டினி. வயிற்றில் இரை இருந்தால் அழுகும். பிறகு தனிப் பாத்திரத்தில் அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி, அதில் இறக்கி, புது பிளேடால் ஒரே இழுப்பு. இங்கேதான் சூட்சுமம். அறுப்பு வாயின் நடுவே போக வேண்டும். பாதி வாயும் பாதிக் காலும் இரண்டு பக்கமும் சேர வேண்டும். வாய் இல்லாத துண்டு பிழைப்பது கஷ்டம்.

"கை நடுங்குச்சு சார். அம்மா சமையல் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டாங்க."

அறுத்த பாதிகளைச் சுத்தமான தண்ணீரில், ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் விட்டார். கோமாளி மீன்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளினார். அவை பாசத்தில் வந்து புரண்டால் புண் கிழியும். சில நாளில் ஒவ்வொரு பாதியும் சோமாசியை மூடுவது மாதிரி மடிந்து, அறுபட்ட ஓரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொண்டன. சில வாரங்களில் முழு வாய். அதற்குப் பிறகுதான் முதல் இறால் துணுக்கு. இப்போது இரண்டில் எது பழசு, எது புதுசு என்று அவருக்கே தெரியவில்லை. சரியாகச் சொன்னால் இரண்டுமே பழசுதான்.

ஒரு எச்சரிக்கை. வெறும் கையால் தொடக் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கடல் தொட்டிகளில் வளரும் ‘சோவாந்திட்’ என்ற பங்காளியிடம் பயங்கர விஷம் இருக்கலாம். 2018-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே ஒரு வீட்டில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது கிளம்பிய விஷத்தால் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. உதவிக்கு வந்தவர்களும் போக வேண்டியதாயிற்று.

எதற்காக அறுக்க வேண்டும்?

கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாவம் என்று நானும் கேட்டேன்.

கடையில் இருப்பது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடலில் இருந்து பெயர்த்து எடுத்ததுதான். கடல் சாமந்திக்கு ஆயுசு அதிகம். 1828-ல் ஸ்காட்லாந்து கடற்கரையில் சர் ஜான் டாலியல் என்பவர் எடுத்து ஜாடியில் விட்ட ஒன்று, அவர் இறந்த பிறகும் கை மாறி கை மாறி 1887 வரை உயிரோடு இருந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர். அது வேறு சாதி என்றாலும், ஜாடிக்குள்ளேயே 59 வருஷம்! அப்படிப்பட்டதைப் பெயர்த்து வந்து, விவரம் தெரியாத வீட்டில் ஒரு மாதத்தில் அழுக விடுகிறோம். கடலில் அதை நம்பி இருந்த கோமாளி மீனுக்கும் வீடு போச்சு.

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குள் அனுமதி இல்லாமல் எதை எடுத்தாலும் கேஸ். 2001 முதல் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்து விட்டன. கடல் அட்டை கடத்தி மாட்டுகிறவர்களைப் பற்றி இதே பக்கத்தில் அடிக்கடி படிக்கிறீர்கள். சாமந்தியோடு பவளத் துண்டும் ஒட்டி வந்தால் கதை அதுதான்.

கோமாளி மீன் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கே பெருமை உண்டு. கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் வழியில் பி.முட்லூரில் திரும்பினால் பரங்கிப்பேட்டை. அங்கே வெள்ளாற்றுக் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும் செய்து காட்டியது. மீன் தொட்டியிலேயே பிறக்கிறது. வீடு மட்டும் கடலில் இருந்து வருகிறது.

"நான் வாங்கின முதல் பபுள் டிப்பும் எங்கேயோ கடல்ல எடுத்ததாத்தான் இருக்கும். அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு அப்புறம் ஒண்ணுகூட வாங்கலை" என்றார் வாலிபர்.

கரண்டு போனால்

பிளேடைவிட அவருக்குப் பயம் மின்தடைதான். தொட்டித் தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்துக் கோடை தெரியுமே! தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின், ஓட்டத்துக்கு ஒரு பம்பு, விளக்கு. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கலவை. "தேவனாம்பட்டினத்தில் கடல் தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது?" என்றேன். சிரித்தார். கெடிலம் கலக்கிற இடம். மழை பெய்தால் உப்பு குறையும், அழுக்கும் சேரும்.

பக்கத்து நெய்வேலியில் இருந்து பல மாநிலங்களுக்குக் கரண்டு போகிறது. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்தபோது இதே மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்தது. அப்படி ஒன்று மறுபடி வந்தால் தொட்டியில் எதுவும் மிஞ்சாது.

"அதனாலதான் சார் ஒரு பாதியை வேற இடத்துல வைக்கணும்" என்றார். டவுன்ஷிப்பில் ஒரு நண்பர் புதுத் தொட்டி வைத்து, கார்ப்பெட் அனிமோன் வாங்கக் கடையில் விலை பேசிக் கொண்டிருந்தாராம். அதைத் தடுத்து விட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பண்ருட்டி வழியாகப் பஸ்சில் எடுத்துக் கொண்டு போகிறார். காசு வாங்கவில்லை.

பெட்டியை மடியில் வைத்துக் கொள்வது அம்மா என்று ஏற்பாடு.