தவசிக்கீரை: குச்சி நட்டா போதும், பல வருசம் இலை

"கீரை போட ஆசைதான், ஆனா 25 நாளைக்கு ஒருக்கா விதைச்சு, களையெடுத்து, பிடுங்கிக் கட்ட ஆள் எங்கே இருக்கு?" என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் கொடுப்பது நாலு தவசிக்கீரைக் குச்சி. மல்டிவைட்டமின் கீரை என்று நர்சரியில் விற்கிறார்களே, அதுதான். மலேசியா, இந்தோனேசியாப் பக்கம் அன்றாடம் புழங்குகிற கீரை. கேரளத்தில் வேலியோரமாகவே வளர்க்கிறார்கள்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. தவசி முருங்கை என்பது வேறு செடி, அது ஆடாதொடை வகையைச் சேர்ந்த மூலிகை. தவசிக்கீரை கீழாநெல்லிக்கு உறவு. மெல்லிய கிளையில் இரண்டு பக்கமும் இலை வரிசையாக இருக்கும், இலைக்கு அடியில் சின்னப் பூவும், பிறகு வெள்ளை வெள்ளையாகக் காயும் தொங்கும். காய் வந்தால் விதை எடுக்கலாமே என்பீர்கள். விதையின் முளைப்புத்திறன் சில மாதத்திலேயே போய்விடும். குச்சியே நல்லது.

ரொம்ப இளசும் வேண்டாம், கட்டையாக முற்றினதும் வேண்டாம். பென்சில் கனத்தில், பச்சை மாறிப் பழுப்பு ஏறின தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்க. இலையை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நடணும். மேல்நுனி எது, அடி எது என்று குழம்பாமல் இருக்க அடியைச் சாய்வாக வெட்டுவது என் பழக்கம். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் நேரடியாகவே பிடிச்சுக்கும். கோடையென்றால் பையில் போட்டு நிழலில் வைத்துத் துளிர் வந்தபிறகு மாற்றுங்க. வரிசையில் ஒரு அடிக்கு ஒரு குச்சி, தொழுவுரம் ரெண்டு கை. தென்னைக்கு அடியில், வாழைக்கு நடுவில் என்று அரை நிழலில் இலை இன்னும் மெதுவாக இருக்கும். ஆடு எட்டாத இடமா என்று மட்டும் பார்த்துக்குங்க.

3, 4 மாதத்தில் முதல் அறுப்பு. செடி இடுப்பு உயரத்தைத் தாண்ட விடாதீங்க. விட்டால் மேலே கொண்டை, கீழே மொட்டைக் குச்சி. நுனியை வெட்ட வெட்டப் பக்கத்துளிர் அடிக்கும், அந்தத் துளிர்தான் சந்தைக்கு. மூடாக்குப் போட்டு, பாசனத்தோடு ஜீவாமிர்தம் விட்டால் போதும். மழைக்காலத்தில் நத்தையை இரவில் டார்ச் வைத்துப் பொறுக்கணும். கோடையில் மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கிளையையே வெட்டி எடுத்துடுங்க.

இனி முக்கியமான விசயம். இந்தக் கீரையில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் உண்டு, சந்தேகமில்லை. அதற்காகப் பச்சையாக அரைத்துத் தினமும் ஜூஸ் குடிக்கச் சொல்லி விற்பது ஆபத்து. தைவானில் 1994, 95இல் உடல் எடை குறையும் என்று நம்பிப் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்தவர்களில் 200 பேருக்கு மேல் நுரையீரல் கெட்டது. சின்னச் சின்ன மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. சாற்றை நிறுத்தியபிறகும் சரியாகவில்லை. சிலர் இறந்தே போனார்கள். செடியில் யாரும் விஷம் தெளித்து வந்த வினை இல்லை இது. இயற்கை விளைபொருள்தானே, என்ன செய்துவிடும் என்கிற பேச்சு இங்கே எடுபடாது.

மலேசியாவில் இதை முட்டையோடு வதக்குகிறார்கள், சூப்பில் போடுகிறார்கள். நம்ம வீட்டில் பாசிப்பருப்புக் கூட்டு, பொரியல், அடை மாவில் கலந்து சுடுவது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், மற்ற கீரைகளோடு மாற்றி மாற்றி, நன்றாக வேகவைத்து. எங்க வீட்டுக் கணக்கு இவ்வளவுதான். ஆஸ்துமா, மூச்சிரைப்பு இருக்கிறவங்க மருத்துவரைக் கேட்டுக்கிட்டுச் சாப்பிடட்டும்.

சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் கட்டோடு ஒரு துண்டுச்சீட்டு வையுங்க: "சமைத்து மட்டும் சாப்பிடவும்." வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் எப்படிச் சமைப்பது என்று கேட்கிறார், அங்கேயே பருப்புக் கூட்டுப் பக்குவத்தைச் சொல்லிவிடலாம். காலையில் பறித்து ஈரத்துணியில் சுற்றிவைத்தால் சாயங்காலச் சந்தை வரை துவளாது. வெட்டின தண்டுகளில் முற்றினதை எறியாதீங்க, அடுத்த வரிசைக்குக் குச்சி அதுதான்.