கதிரை ஏவுவோரும் அடக்குவோரும்

ஈஜிபுராவின் நெருங்கிய தெருக்களில் நெற்பயிருக்கு இடமில்லை. ஆயினும் அங்கு வாழும் தமிழர் இல்லங்களில் அரிசியைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. பொன்னியா, சோனா மசூரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அந்த நெல் எப்போது பூக்கும், அதன் பூ எவ்வாறு உருப்பெறும் என்பதை அதே பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் அறியோம்.

கதிர் வெளிவருவதற்கு ஏறக்குறைய 30 நாட்களுக்கு முன்பே, தாளின் உள்ளே கதிரின் கரு தோன்றிவிடுகிறது. அதுவரை இலைகளையே ஈன்றுவந்த குருத்து நுனி, இனிப் பூக்களை ஈன வேண்டும். இம்மாற்றத்தை நடத்துவன படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள். எந்த மரபணு எப்பொழுது தொழிற்பட வேண்டும் என்று, மரபணுவின்மீது அமர்ந்து ஏவுவன இவை.

பேராசிரியை உஷா விஜயராகவன் குழுவினர் நெல்லில் இத்தகைய இரு காரணிகளை ஆராய்ந்தனர். ஆர்.எஃப்.எல். என்பதைக் குறைத்தபோது பூப்பு தாமதமாயிற்று, தூர்களும் குறைந்தன. இது 2008-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 2005-இல், மேட்ஸ்-1 என்னும் காரணி குன்றினால் உமியாக வேண்டிய இரு செதில்களும் திருந்தி அமைவதில்லை, உள்ளுறுப்புகளும் கெடுகின்றன என்று காட்டியிருந்தனர். புடைத்து எறியும் உமிக்கும் தனியே ஒரு காரணி காவலிருக்கிறது!

ஏவுவோர் உள்ள இடத்தில் அடக்குவோரும் உளர். அவை மைக்ரோ ஆர்.என்.ஏ. எனும் நுண்ணிய இழைகள். நீளம் சுமார் 21 எழுத்துகளே. 1993-இல் ஒரு சிறு புழுவில் முதன்முதலில் இவை அறியப்பட்டன. கண்டறிந்த ஆம்ப்ரோஸ், ரவ்கன் இருவரும் 2024-இல் நோபெல் பரிசு பெற்றனர். நெல்லில் 156 என்று எண்ணிடப்பட்ட இழை, நாற்றுப் பருவத்தில் மிகுந்து நின்று, பயிர் முதிர முதிரக் குறைகிறது. எஸ்.பி.எல். என்னும் காரணிகளுக்குரிய மரபணுப் படிகளைப் பற்றித் துண்டிப்பதே அதன் வேலை.

இந்த அடக்குமுறை சற்றே தளர்ந்தால் என்ன ஆகும்? எஸ்.பி.எல்.-14 மரபணுவில், அவ்விழை பற்றும் இடத்தில் ஓர் எழுத்து மட்டும் மாறிய நெல்லைச் சீன ஆய்வாளர் 2010-இல் விவரித்தனர். தூர்கள் குறைந்தன, தாள் தடித்தது, கதிர் மிகுதியாகக் கிளைத்து மணிகள் பெருகின. கதிர் ஈனாத வீண் தூர்களைக் கண்டு சலித்த உழவருக்கு இது நற்செய்தியே. ஆயினும் அக்காரணி அளவுக்கு மேல் பெருகினால் தூர்கள் மிகக் குறைந்து, கதிரில் கிடைத்த ஆதாயம் வயலில் கரைந்துவிடுகிறது. எனவே, இடைப்பட்ட அளவில் அது சுரக்கும் நெல் வகைகளையே பயிர் வல்லுநர் நாடுகின்றனர்.