ஆசான் போனார், அணி நின்றது!

"அவர் போய்விட்டார், இனி மன்றம் ஏது?" மூத்த தோழர் ஒருவர் பிழைப்புத் தேடி வெளியூர் போன மறுநாளே இப்படிப் பெருமூச்சு விடுவோர் உண்டு. மன்றத்துக் கதவுக்குப் பூட்டு வாங்க ஓடுவோரும் உண்டு! அவர்களுக்கு நாம் ஒரு கதை சொல்ல விரும்புகிறோம். கற்பனைக் கதை அல்ல, தோழர்களே! கரி படிந்த கரங்கள் தீட்டிய வரலாறு.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஆஷிங்டன் என்றோர் ஊர். நிலக்கரிச் சுரங்கம்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. 1934-ஆம் ஆண்டு, அந்தச் சுரங்கத் தொழிலாளர் சிலர், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் ஆதரவில் ஓவிய வகுப்பு ஒன்று தொடங்கினர். நியூகாசில் நகரிலிருந்து பாடம் சொல்ல வந்தார் ராபர்ட் லியான். பழம்பெரும் ஓவியர்களின் படங்களைக் காட்டினார், விளக்கினார். தொழிலாளருக்கு அது நிறைவு தரவில்லை. தாமே வரைந்து பார்த்தால்தான் ஓவியம் விளங்கும் என்று கண்டார் ஆசான். கரிவெட்டும் கருவி பிடித்த கை, தூரிகை பிடித்தது!

எதை வரைந்தனர்? மாளிகையையா? மணிமுடியையா? இல்லை! முதுகு வளைத்துக் கரி வெட்டும் தோழனை வரைந்தனர். சுரங்கத்தில் வண்டி இழுக்கும் குதிரையை வரைந்தனர். தோட்டத்தையும் வீட்டையும் வரைந்தனர். சுவருக்குப் பூசும் வண்ணமும், அட்டையும், ஒட்டுப்பலகையும் போதுமென்றனர். 1936-ல் நியூகாசில் ஹாட்டன் கலைக்கூடத்தில் அந்தப் படங்கள் காட்சிக்கு வந்தன. வரைந்தவர்களில் ஒருவர் ஆலிவர் கில்போர்ன். பதின்மூன்று வயதிலே சுரங்கத்துக்குள் இறங்கியவர்!

1942-ல் வந்தது சோதனை. எடின்பரோ கலைக் கல்லூரியின் முதல்வர் பதவி லியானை அழைத்தது, போனார். வெளியே உலகப் போர். உள்ளே ஆசான் இல்லாத வெறுமை. கலைந்ததா குழு? அடுத்த ஆண்டே, 1943-ல், தங்களுக்கென்று ஒரு கொட்டகை அமைத்துக் கொண்டது! அதன்பின் நாற்பது ஆண்டுகள் நடந்தது!

என்ன மந்திரம்? மந்திரமுமில்லை, மாயமுமில்லை. கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது. வாரந்தோறும் கூடும் வழக்கம் இருந்தது. ஒருவர் வரைந்ததை மற்றவர் அனைவரும் அலசும் பழக்கம் இருந்தது. ஆகவே, ஆசான் ஊரைவிட்டுப் போனாரே தவிர, அவர் ஊட்டிய ஆய்வு போகவில்லை. அது அனைவர் நாவிலும் குடியேறியிருந்தது. சிறந்த படங்களைப் பொதுவுடைமையாகச் சேர்த்தும் வைத்தனர்.

ஆனால் வெற்றி முரசை மட்டும் ஒலித்துவிட்டு விடைபெற நாம் விரும்பவில்லை. தொடங்கியவர்கள் மூப்படைந்தனர், ஒவ்வொருவராக மறைந்தனர். அந்த இடங்கள் நிரம்பவில்லை. 1981-ல் பக்கத்து வுட்ஹார்ன் சுரங்கமும் மூடப்பட்டது. கொட்டகை அவர்களுடையது, அது நின்ற மண்ணோ வாடகை மண்! 1983-ல் கொட்டகையும் போயிற்று. அரை நூற்றாண்டுக் குழு முடிவுக்கு வந்தது. பொதுவாகச் சேர்த்த படங்கள் மட்டும் சிதறவில்லை. அவற்றைக் காத்ததில் கில்போர்னுக்குப் பெரும் பங்கு உண்டு. மூடிய அதே வுட்ஹார்ன் சுரங்கம் இன்று அருங்காட்சியகம். படங்கள் அங்கேதான் இருக்கின்றன.

இதில் இரண்டு பாடம் உண்டு. பெரியவர் ஒருவர் போவதால் மன்றம் சாவதில்லை. போனவர் இடத்தில் புதியவர் அமராவிட்டால்தான் சாகிறது. போகிறவரைப் பழிக்காதீர். வயிறு அழைக்கிறது, போகிறார், வழியனுப்புங்கள். ஆனால் போகுமுன் அவரிடம் கேளுங்கள்: சாவி யாரிடம்? கணக்குப் புத்தகம் யாரிடம்? உமக்குத் தெரிந்த கலையை எந்த இளைஞனுக்குக் கற்றுக் கொடுத்தீர்?

முதலிரண்டு கேள்விக்கு மட்டும் விடை கிடைத்தால், மிஞ்சுவது கட்டடம். மூன்றாவதற்கும் கிடைத்தால், மிஞ்சுவது மன்றம்!