விசா போயிற்று, மஞ்சள் அட்டை இருக்கிறது!

சம்பந்தி வீடுகளில் ஒரு ரகம் உண்டு. "உங்களுக்கு இல்லாத வீடா? எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று வாய் நிறையச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும், "வருவதற்கு முன்னால் ஒரு கடிதாசு மட்டும் போட்டுவிடுங்கள், பதில் கிடைத்ததும் புறப்படுங்கள்" என்று மெல்லச் சேர்த்துக்கொள்வார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசம் செய்திருக்கும் ஏற்பாடும் ஏறக்குறைய இதுதான். 1963-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி சுதந்திரக் கொடி ஏற்றிய நாடு அது. சரியாக அறுபது வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 12-ந் தேதி, ஜனாதிபதி வில்லியம் ரூட்டோ அந்தத் திருநாள் மேடையிலேயே ஒரு நல்ல செய்தி சொன்னார். வெளிநாட்டார் யாரும் இனிமேல் விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அது. 2024 ஜனவரியில் விசா போயிற்று. அது எழுந்து போன நாற்காலியில் 'மின்னணுப் பயண அனுமதி' என்ற ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

கென்யாவுக்கும் நமக்கும் உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1896 முதல் 1901 வரை மொம்பாஸா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில் பாதை போட்டவர்கள், இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். அந்தப் பாதையில் ரயில்வேக்காரர்கள் கூடாரம் அடித்த இடமே பிறகு நைரோபி நகரமாயிற்று. 1920 வரையில் அங்கே கடைவீதியில் செல்லுபடியானது நம் ரூபாய்தான். பல தலைமுறைகளாக அங்கே வாழும் இந்திய வம்சத்தாரை 2017-ல் கென்ய அரசாங்கம் தன் நாட்டின் 44-வது இனமாக ஏற்றுக்கொண்டது. இப்போதும் உத்தியோகத்துக்கென்று போகிறவர்கள் உண்டு. பெண் அங்கே குடித்தனம் வைத்தால், பிரசவத்துக்குத் தாயார் புறப்பட வேண்டியதுதானே!

அப்படிப் புறப்படும் தாயாரை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த விஷயத்தைப் பார்ப்போம். வயது அறுபத்திரண்டு. பெட்டியில் பிரசவ லேகியம், பருப்புப் பொடி, பழைய மெல்லிய வேஷ்டித் துணி எல்லாம் தயார். சட்டம் என்ன கேட்கிறது?

அனுமதி வாங்குவது எப்படி?

பாஸ்போர்ட், போய்ச் சேரும் நாளுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அதில் ஒரு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு புகைப்படம், போக வர விமான விவரம், தங்கப்போகும் இடத்துக்கு அத்தாட்சி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கென்ய அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்தில் மனுச் செய்ய வேண்டும். 2024-ல் இந்த ஏற்பாடு தொடங்கியபோது கட்டணம் 30 டாலர் என்று வைத்தார்கள். சில்லறைச் செலவு தனி. சாதாரணமாக மூன்று வேலை நாளில் பதில் வந்துவிடும். கைக்குழந்தைக்கும் தனி மனு உண்டு; அம்மாவின் இடுப்பில் இருக்கிறது என்பதற்காக விலக்கு இல்லை.

இங்கே ஒரு ஜாக்கிரதை. அரசாங்கத் தளத்தைப் போலவே முகப்பு வைத்துக்கொண்டு, அதே வேலைக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. பணம் கட்டுமுன் முகவரியை ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை. பக்கத்து வீட்டு மாமி போன வருஷம் போய் வந்த கதையை நம்பாமல், அன்றைய விதியை அன்றைக்கே பாருங்கள்.

மஸாய் மாரா காட்டில் சிங்கம் பார்த்துவிட்டு அப்படியே எல்லை தாண்டி டான்ஸானியாவின் செரங்கெட்டிக்குப் போக ஆசைப்படுகிறவர்களும் உண்டு. காடு ஒன்றையொன்று ஒட்டியிருக்கிறது என்பது வாஸ்தவம். மான்களுக்கு எல்லை கிடையாது, மனிதர்களுக்கு உண்டு. டான்ஸானியாவுக்கு விசா தனி.

நிஜமான வாசற்காவல்

அனுமதி வந்துவிட்டது, கவலை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அசல் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. அது கென்யா போட்ட முடிச்சுமல்ல; நம் இந்திய அரசாங்கம் போட்டது.

மஞ்சள் ஜுரம் இருக்கும் நாடுகள் என்று நம் அரசாங்கம் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது. கென்யா அதில் அடக்கம். அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்குகிறவர், அந்த ஜுரத்துக்கு ஊசி போட்டுக்கொண்ட மஞ்சள் அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரையில் தனியே வைத்துவிடுவார்கள். விமான நிலையத்து வாசலில் பேரன் 'பாட்டி' என்று கூப்பிட்டாலும் வெளியே வர முடியாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மஞ்சள் ஜுரத்தைப் பரப்புவது 'ஏடிஸ்' என்ற கொசு. காலில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிட்டு, டெங்குவைக் கொண்டுவருகிறதே, அதே கொசுதான். கொசு இங்கே ஏராளமாக இருக்கிறது. ஜுரம் மட்டும் இல்லை. இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் காவல். அங்கோலாவில் மஞ்சள் ஜுரம் பரவிய 2016-ல், அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்களில் 11 பேர் அதை உடலில் ஏந்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நல்லவேளையாக அங்கே அது மேலும் பரவவில்லை. ஆனால் கடல் தாண்டி வருவது வெறும் கற்பனை அல்ல என்று உலகம் தெரிந்துகொண்டது.

ஊசி மருந்து புதிதல்ல. மாக்ஸ் தைலர் என்ற விஞ்ஞானி 1937-ல் கண்டுபிடித்தார். 1951-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒரே ஒரு ஊசிதான். முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ள வேண்டும். 2016 ஜூலை 11 முதல், ஒரு முறை போட்ட அட்டை ஆயுள் முழுவதற்கும் செல்லும். பழைய அட்டை பீரோவில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஆனால் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டைக்கு உயிர். ஊசியோ எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அரசாங்கம் அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. குறிப்பிட்ட நாட்களில், முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டுடன் போக வேண்டும். அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அங்கே தகப்பனார் பெயர் முழுசாக விரிந்து நிற்க, இங்கே வெறும் இனிஷியலாக இருந்தால் வீண் தகராறு. மருந்தின் தொகுதி எண், முத்திரை, டாக்டர் கையெழுத்து மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். அடித்துத் திருத்திய அட்டையைச் செல்லாது என்று சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. எழுதத் தெரியாத குழந்தைக்குப் பெற்றவர் கையெழுத்துப் போடலாம்.

பாட்டிக்கும் பேரனுக்கும்

இப்போது நம் தாயாரிடம் வருவோம். இது உயிருள்ள கிருமியைப் பலமிழக்கச் செய்து தயாரிக்கும் மருந்து. அறுபது வயதைக் கடந்து முதல் தடவையாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடுமையான பக்க விளைவு ஏற்படும் அபாயம், அபூர்வமே என்றாலும், மற்றவர்களைவிடக் கூடுதல். கோழி முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லோருமே டாக்டரைக் கேட்காமல் கையை நீட்டக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நைரோபி நகரத்துக்குள்ளேயே தங்கித் திரும்புகிறவர்களுக்குப் பொதுவாக இந்த ஊசி அவசியமில்லை என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் அபிப்பிராயம். சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் குளுகுளுவென்று இருக்கும் ஊர் அது. ஆனால் நம் ஜாபிதா ஊர் ஊராகப் பிரிப்பதில்லை. கென்யா என்றால் முழுக் கென்யாதான். ஆகவே பெண் வீட்டு வாசலைத் தாண்டப் போகாத தாயாருக்கும் திரும்பி வர அட்டை வேண்டும்.

என்ன செய்வது? முதலில் டாக்டர். ஊசி கூடாது என்று அவர் சொன்னால், காரணம் காட்டி ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கடிதம் தருவார். அதைச் சுகாதார அதிகாரி கவனிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி; கவனித்த பிறகு விடுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. இன்னொரு வழி, விதியிலேயே இருக்கும் அந்த ஆறு நாள் கணக்கு. துபாயில் மகன் இருந்தால், திரும்பும் வழியில் அங்கே ஒரு வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு வரலாம். மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

பாட்டியைவிடப் பேரன் விஷயம்தான் நுணுக்கம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் நம் அரசாங்கம் அட்டை கேட்பதில்லை. ஊசியோ ஒன்பது மாதம் நிரம்பினால்தான் போடுவார்கள். நடுவே இருக்கும் மூன்று மாதத்தைக் கவனித்தீர்களா? ஏழாம் மாதத்துக் குழந்தைக்கு விலக்கும் கிடையாது, ஊசியும் கிடையாது! பிள்ளையைத் தாத்தாவிடம் காட்ட அழைத்துவரும் பெண்கள், ஆறு மாதம் நிரம்புமுன் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது மாதம் ஆகி, ஊசி போட்டு, பத்து நாள் கழித்து வர வேண்டும். இடையில்தான் வந்தாக வேண்டுமென்றால், டிக்கெட் வாங்குமுன் டாக்டரையும் விமான நிலையச் சுகாதார அதிகாரியையும் கலந்துகொள்வது உத்தமம்.

மூட்டை கட்டும்போது

கடைசியாக, பெட்டி. 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. விளையாட்டுத் தடை அல்ல. நாற்பது லட்சம் ஷில்லிங் வரை அபராதம், அல்லது நான்கு வருஷம் வரை சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். விமான நிலையத்திலேயே பையைப் பிடுங்கிவிடுவார்கள். நம் பருப்புப் பொடியும் வடாமும் துணிப் பையிலும் டப்பாவிலும் போகட்டும்.

நாள் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பெண் 'உண்டாகியிருக்கிறேன்' என்று சொன்ன மாதமே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்னதாக டாக்டர் யோசனை. ஒரு மாதம் முன்னதாக ஊசி. இரண்டு வாரம் முன்னதாக அனுமதி மனு. லேகியம் கிளறுவதைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை.