வயதைத் தளர்த்திய அரசு, நேரத்தையும் தளர்த்தட்டும்

அரசுப் பள்ளி ஆசிரியராகச் சேர்வதற்கான வயது வரம்பை 2023-ல் தமிழ்நாடு அரசு பொதுப்பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தியது. ஐம்பது வயதிலும் ஒருவர் புதிதாகச் சாக்பீஸைக் கையில் எடுக்கலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால், அந்த வேலைக்கு அடிப்படையான பி.எட். படிப்போ, நேற்றுப் பட்டம் வாங்கிய இருபத்தொரு வயதுக்காரரை மட்டுமே மனத்தில் வைத்து வகுக்கப்பட்டிருக்கிறது. சென்னைப் புறநகர்களான அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்பும் பட்டதாரித் தாய்க்கு இன்று பெரிய தடை கடிகாரம்தான்.

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014-ம் ஆண்டு விதிகளால், ஓராண்டாக இருந்த பி.எட். 2015-16 முதல் இரண்டாண்டு ஆனது. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாள், வாரத்துக்கு 36 மணி நேரம், வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 சதவீத வருகை. எப்படியும் மூன்றாண்டுக்குள் முடித்தாக வேண்டும். தொலைதூரக் கல்வியில் படிக்கலாமே என்றால், அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான். இரண்டாம் ஆண்டுப் பள்ளிப் பயிற்சி பதினாறு வாரம். வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 80 நாள். எட்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து அம்மை போட்டால் அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. சென்னையின் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருப்பதோ சைதாப்பேட்டையிலும் மெரினா ஓரத்திலும். ஆவடியிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பூந்தமல்லிக்குப் புறநகர் ரயிலே கிடையாது. 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதில் பணம் மிச்சமாகிறது, பயண நேரம் அப்படியே இருக்கிறது.

ஆர்வம் இருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும் என்பார்கள். உண்மையில், நேரம் பொருந்தினால் ஆர்வம் வெளியே வரும். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் இதற்குச் சாட்சி. மாலை 5 முதல் 7 வரை, தன் குடியிருப்பிலேயே, மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் பாடம் சொல்லித்தர வேண்டிய வேலை அது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆயிரம் ரூபாய் யாரையும் இழுத்துவரும் தொகை அல்ல. வீட்டுக்கு அருகில், வீட்டு வேலைக்கு நடுவே செய்ய முடிந்தது என்பதுதான் அவர்களை வரவழைத்தது.

படிப்பவரின் வாழ்க்கைக்கு ஏற்பப் பயிற்சியை அமைப்பது சென்னைக்குப் புதிதும் அல்ல. பதினொரு வயதில் கணவரை இழந்து, 1911-ல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளை ஆசிரியர்களாக்க நினைத்தபோது முதலில் அமைத்தது விடுதியை. பெண் ஆசிரியர்கள் தேவைப்பட்ட அன்றைய அரசும் துணை நின்றது. பின்னர் மெரினா ஓரத்து ஐஸ் ஹவுஸ் கட்டடம் அந்த விடுதியானது. அவரை முதல் முதல்வராகக் கொண்டு 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. தங்க இடம் இல்லாதவர்களுக்கு அன்று விடுதி தேவைப்பட்டது போல, இன்றைய தாய்க்குக் குழந்தைக் காப்பகம் தேவைப்படுகிறது.

இப்படி நெகிழ்வு காட்டினால் ஆசிரியர் தரம் குறையாதா? குறைக்கச் சொல்வது படிப்பின் அளவை அல்ல. அதே பாடத்தை, அதே பயிற்சியை நீண்ட காலத்தில் பரப்பித் தரச் சொல்கிறோம். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சியைப் பகுதிநேரமாக இரண்டாண்டில் முடிக்கும் வழி இருக்கிறது. தவிர, இங்கே தரத்தைக் காக்கும் வாசல்கள் வேறு இருக்கின்றன. 2012-ல் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். தகுதித் தேர்வைத் தாண்டி நியமனத்துக்கு இன்று போட்டித் தேர்வும் உண்டு. நான்கு ஆண்டில் பி.எட். முடித்தவரும் இதே வடிகட்டிகளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வேலை கிடைக்காமல் ஏராளமான பி.எட். பட்டதாரிகள் காத்திருக்கும்போது இன்னும் ஏன் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் புதிய இடங்களைக் கேட்கவில்லை. இருக்கும் இடங்களில் ஒரு பங்கைப் பகுதிநேரமாக்கக் கேட்கிறோம். இடங்கள் குறைவு என்றால் அவற்றுக்கான போட்டி திறமையின் பேரில் நடக்கட்டும். வீட்டில் யாருக்குக் கைக்குழந்தை இல்லை என்பதன் பேரில் நடக்க வேண்டாம். பாட்டி பார்த்துக்கொள்ள மாட்டாரா என்பது கடைசியாக வரும் கேள்வி. பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த இந்தப் புறநகர்களில், பல வீடுகளின் பாட்டி சொந்த ஊரில் இருக்கிறார்.

பகுதிநேரமாகப் படிக்க வழிசெய்ய, மூன்றாண்டு உச்சவரம்பை ஐந்தாக்குவது தேசியக் கவுன்சிலின் கையில் இருக்கிறது. தமிழ்நாடு அதை வலியுறுத்த வேண்டும். நாங்கள் கேட்கும் மற்ற இரண்டுக்கு டெல்லியைப் பார்க்க வேண்டியதில்லை. பதினாறு வாரப் பயிற்சியை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசுப் பள்ளிகளிலேயே ஒதுக்கித் தரலாம். அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் குழந்தைக் காப்பகம் திறக்கலாம். முதல் காப்பகத்தைச் சுப்புலட்சுமி முதல்வராக இருந்த கல்லூரியிலேயே அடுத்த கல்வியாண்டில் திறக்கட்டும்.